கப்பல் அறையில் சார்ஜ் போடுவது எப்படி: பிளக், அடாப்டர், வீட்டிலேயே விட வேண்டியவை

கீழக்கரையில் எனக்கு ஒரு சின்ன எலக்ட்ரிக்கல் கடை. அதற்கு முன் சில வருடம் பயணிகள் கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலை. ஸ்கூல் லீவு நெருங்கிவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் நாலைந்து பேராவது, "கப்பல்ல போறோம் காக்கா, ஒரு யுனிவர்சல் அடாப்டர் கொடுங்க" என்பார்கள். (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும் கூப்பிடுவோம்.) சிங்கப்பூரில் ஏறுகிறவர்கள், துபாயில் ஏறுகிறவர்கள், சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கை போய் வருகிறவர்கள் என்று எல்லாரும் கேட்பது அதைத்தான்.

எடுத்துக் கொடுத்தால் எனக்கு வியாபாரம். ஆனால் அடாப்டர் வாங்குவது இந்த வேலையில் நாலாவது படி. அதை முதலில் செய்தவர்கள்தான் ஊர் திரும்பியதும் அதே டப்பாவைக் கொண்டுவந்து, "இது அங்க நுழையவே இல்ல" என்று மேசையில் வைக்கிறார்கள். அதனால் வரிசை மாறாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் மூன்று பொருள் கையில் இருக்கட்டும்: டிக்கெட் பதிவு செய்த தாள் (கப்பலின் பெயரும் அறை வகையும் அதில் இருக்கும்), கொண்டுபோக நினைக்கும் எல்லா சார்ஜரும், எழுத்து பெரிதாகத் தெரிய ஒரு போன் கேமரா.

1. கப்பலின் பெயரைச் சொல்லி இரண்டு கேள்வி கேளுங்கள்

கப்பல் எந்த ஊரில் கிளம்புகிறது என்பதற்கும் அறையில் எந்த பிளக் பாயிண்ட் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை. கப்பல் தன் கரண்டைத் தானே ஜெனரேட்டரில் தயாரிக்கிறது. யாருக்காகக் கட்டினார்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பாயிண்ட் அமையும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பலிலேயே வித்தியாசம் இருக்கும்.

பதிவு செய்த ஏஜென்டிடமோ கப்பல் நிறுவனத்திடமோ கேட்க வேண்டியவை இவை: இந்த வகை அறையில் என்னென்ன பாயிண்ட், எத்தனை? எக்ஸ்டென்ஷன் பெட்டி, மல்டி பிளக் விஷயத்தில் இப்போதைய விதி என்ன? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. விதி அவ்வப்போது மாறுகிறது, போன வருடம் போய் வந்தவர் சொல்வதை நம்பிப் போக முடியாது.

தூங்கும்போது மூச்சுக்கு சிபாப் மிஷின் வைப்பவர் வீட்டில் இருந்தால், அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். பாயிண்ட் பெரும்பாலும் மேசைப் பக்கம் இருக்கும், கட்டில் தள்ளி இருக்கும். முன்கூட்டிச் சொன்னால் கப்பலிலேயே அனுமதித்த எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஏறிய பிறகு கேட்டால் தீர்ந்துபோயிருக்கலாம்.

2. அறையில் இருக்கும் பாயிண்ட் எப்படிப்பட்டது

பெரும்பாலான பயணிகள் கப்பலில் இரண்டு வகை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று அமெரிக்கப் பாயிண்ட்: இரண்டு பட்டைத் துளை, கீழே எர்த்துக்கு ஒரு வட்டத் துளை, 110 முதல் 120 வோல்ட். இன்னொன்று ஐரோப்பியப் பாயிண்ட்: இரண்டு உருண்டைத் துளை, 220 முதல் 230 வோல்ட். புதுக் கப்பல்களில் யூஎஸ்பி துளையும் உண்டு. பிரிட்டிஷ் பயணிகளுக்கான கப்பல்களிலும் வேறு சிலவற்றிலும் சதுரத் துளை மூன்று உள்ள பாயிண்டும் இருக்கும்.

இதில் ஐரோப்பியப் பாயிண்ட்தான் நமக்குச் சொந்தக்காரன் மாதிரி. வோல்ட் நம் வீட்டு அளவுதான். துளைகளுக்கு நடுவே உள்ள தூரமும் நம் ஊர் சின்னப் பிளக்குடையதுதான், 19 மில்லிமீட்டர். இரண்டு பின் போன் சார்ஜர் பல நேரம் அடாப்டரே இல்லாமல் உள்ளே போய்விடும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். அந்தப் பாயிண்ட் சுவரோடு சமமாக இருக்காது. கிண்ணம் மாதிரி வட்டமாக உள்ளே குழிந்திருக்கும், ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் ஆழம். சார்ஜரின் உடம்பு மெலிசாக இருந்தால் குழிக்குள் இறங்கி உட்காரும். இப்போது போனோடு வருகிற குண்டு ஃபாஸ்ட் சார்ஜர்கள் குழியின் விளிம்பிலேயே முட்டி நின்றுவிடும். பின் நுனி மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கும், கரண்ட் வராது. பின் சரிதான், உடம்புதான் இடிக்கிறது. கடைக்குத் திரும்பி வரும் புகாரில் பாதி இது.

நம் மூன்று பின் பிளக் அதில் போகவே போகாது. மேலே இருக்கும் தடித்த எர்த் பின்னுக்கு அங்கே துளை கிடையாது. ஐரோப்பியப் பாயிண்டில் எர்த் என்பது குழியின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு உலோகப் பட்டை. லேப்டாப் ஒயர் கொண்டுபோனவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

3. ஒவ்வொரு சார்ஜரின் முதுகையும் படியுங்கள்

சார்ஜரைத் திருப்பி, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். "இன்புட்" என்ற வரியில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது கப்பலில் எந்தப் பாயிண்டிலும் வேலை செய்யும். போன், லேப்டாப், டேப்லட், கேமரா சார்ஜர்கள் அநேகமாக எல்லாமே இப்படித்தான். சிபாப் மிஷினின் அடாப்டரிலும் பெரும்பாலும் இதே வரி இருக்கும், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

220–240 என்று மட்டும் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அதை 110 வோல்ட் பாயிண்டில் செருகினால் வெடிக்காது, ஆனால் உருப்படியாக வேலையும் செய்யாது. வோல்ட் பாதியானால் சூடேற்றும் பொருளின் சக்தி கால்வாசியாகக் குறையும். வீட்டில் 1000 வாட் தரும் ஹேர் டிரையர் அங்கே 230 வாட்டைத் தாண்டினால் பெரிது. தலை காய்வதற்குள் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொடுத்த 120 வோல்ட் டிரையரை 230 பாயிண்டில் போடுவதுதான் உண்மையான ஆபத்து. நாலு மடங்கு சூடு ஏறும், புகை வரும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். யுனிவர்சல் அடாப்டரின் மேல் "100–250 வோல்ட்" என்று அச்சிட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, அது வோல்ட்டை மாற்றிக் கொடுக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. அது பின்னின் உருவத்தை மட்டும் மாற்றும். உள்ளே இருப்பது பித்தளைத் தகடும் ஒரு ஃபியூசும்தான். இவ்வளவு வோல்ட் வரை நான் தாங்குவேன் என்பதற்கு மேல் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

4. எண்ணிப் பார்த்த பிறகு அடாப்டர் வாங்குங்கள்

அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் நாலு போன், ஒன்றிரண்டு வாட்ச், ஒரு பவர் பேங்க், ஒருவேளை ஒரு லேப்டாப். எட்டு பொருளுக்கு எட்டு சார்ஜரும் எட்டு அடாப்டரும் தேவையில்லை. பழைய கப்பல்களில் அறைக்கு மொத்தமே இரண்டு மூன்று பாயிண்ட்தான், எட்டையும் எங்கே செருகுவது?

நான் சொல்லும் கணக்கு இது. மூன்று நாலு யூஎஸ்பி துளை உள்ள, 65 வாட் அளவுக்கு நல்ல சார்ஜர் ஒன்று. அதோடு நம் உருண்டைப் பின்னை அமெரிக்கப் பட்டைப் பின்னாக மாற்றும் சின்ன அடாப்டர் இரண்டு. இது கட்டைவிரல் நீளம்தான், கடைக்குள் கன்வெர்ஷன் பிளக் என்போம், விலை நூறு ரூபாயை ஒட்டி இருக்கும். குண்டு சார்ஜர் வைத்திருப்பவர்கள் ஐரோப்பியக் குழிக்குள் இறங்கக்கூடிய வட்டமான அடாப்டர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

யுனிவர்சல் டப்பாவை நான் ஏன் கப்பலுக்கு முதலில் எடுத்துக் கொடுப்பதில்லை? அது சதுரக் கட்டி. ஐரோப்பியக் குழிக்குள் அந்தக் கட்டி இறங்காது. அமெரிக்கப் பாயிண்டில் செருகினால் கனத்தால் தலை தொங்கும், பக்கத்துப் பாயிண்டையும் மறைக்கும். கப்பலின் மெல்லிய அதிர்வில் இரவு முழுக்க ஆடி, விடியும்போது கழன்று கிடக்கும். போன் 12 சதவீதத்தில் இருக்கும்.

நம் பக்கத்து வீடுகளில் இன்னொரு குழப்பம் உண்டு. எங்கள் ஊரில் அலமாரியைத் திறந்தால் சபுராளிகள் (வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போய் வருகிறவர்கள்) கொண்டுவந்த சதுரப் பின் அடாப்டர் நாலாவது கிடக்கும். சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாம் அந்த வகைதானே. ஒரு லாத்தா அதைக் கொண்டுவந்து, "காக்கா, போன வருசம் சிங்கப்பூர்ல மச்சி வீட்ல இதுதானே வேல செஞ்சிச்சு, கப்பலும் சிங்கப்பூர்லேருந்துதானே கெளம்புது?" என்றார். "மச்சி வீடு கரையில இருக்கு லாத்தா, கப்பல் அறை வேற கணக்கு" என்று இரண்டு கன்வெர்ஷன் பிளக்கை எடுத்துக் கொடுத்தேன். சதுரப் பின்னைத் தூக்கிப் போடாதீர்கள் என்றும் சொன்னேன். அதற்கு வேலை ஒன்பதாவது படியில் வருகிறது.

லேப்டாப்புக்கு ஒரு குறுக்கு வழி. சார்ஜர் கட்டியிலிருந்து சுவர் பக்கம் போகும் ஒயர் பெரும்பாலும் தனியாகக் கழலும். அடாப்டர் வாங்குவதற்குப் பதில், அந்த ஒயரையே ஐரோப்பியப் பிளக் உள்ளதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எர்த்தும் கிடைக்கும். எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் போட்டால், உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தொடும்போது விரலில் ஒரு விறுவிறுப்பு தெரியும். பெரும்பாலும் ஆபத்து இல்லை என்றாலும் நிம்மதியாக வேலை பார்க்க முடியாது.

5. வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள்

உருண்டைப் பின் பக்கம் கொண்ட அடாப்டரை நம் வீட்டுப் பாயிண்டிலேயே செருகி அரை மணி நேரம் போட்டுப் பார்க்கலாம். கையால் தொட்டால் இளஞ்சூடு பரவாயில்லை, கொதித்தால் குப்பைக்கு. பட்டைப் பின்னை இங்கே செருகிப் பார்க்க முடியாது. ஆனால் சார்ஜரை அதில் மாட்டி, தலைகீழாகப் பிடித்து லேசாக உதறலாம். விழுந்தால் உள்ளே ஸ்பிரிங் தகடு தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ராமேஸ்வரம், பாம்பன், தொண்டி, ஏர்வாடி எங்கே என்றாலும் உப்புக் காற்றுதான். ஒரு வருடம் அலமாரியில் கிடந்த அடாப்டரின் பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். வெளியே பிடித்திருந்தால் உள்ளே தகட்டிலும் பிடித்திருக்கும், அதை நீங்கள் தேய்க்க முடியாது. களிம்பு இருக்கும் இடத்தில் கரண்ட் முக்கித் தக்கித்தான் போகும், அந்த முக்கலே சூடாகும். நூறு ரூபாய்ப் பொருள், புதிது வாங்குங்கள். இதை வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை.

6. வீட்டிலேயே விட வேண்டியவை

அயர்ன் பாக்ஸ், கெட்டில், தண்ணீர் சுடவைக்கும் ராடு, சின்ன ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு: எதுவும் வேண்டாம். கப்பலில் தீ என்றால் ஓடிப் போய் நிற்க ஒரு தெரு கிடையாது, அதனால் சூடேற்றும் பொருளை அறைக்குள் விடமாட்டார்கள். ஊதுபத்தி, மெழுகுவர்த்திக்கும் இதே கதி. கொசு மருந்து மிஷினையும் எடுக்காதீர்கள், நடுக்கடலில் கொசு இல்லை. கைக்குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமென்றால் அறை பார்த்துக்கொள்ளும் ஸ்டீவர்டிடம் கேளுங்கள். ஹேர் டிரையர் பெரும்பாலும் அறையிலேயே இருக்கும்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் பெட்டி. அதிகம் பறிபோவது இதுதான். ஏறும்போது பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள். எடுத்துவைத்துக்கொண்டு சீட்டு கொடுப்பார்கள், பயணம் முடிந்து இறங்கும்போது திருப்பித் தருவதுதான் வழக்கம். "சும்மா ஒரு ஜங்ஷன் பாக்ஸ், இதுல என்ன?" என்று சண்டை போட்ட ஒரு பெரியவரை நானே பார்த்திருக்கிறேன். காரணம் தெரிந்திருந்தால் சண்டை போட்டிருக்கமாட்டார்.

வீட்டுக்கு வரும் இரண்டு கம்பியில் ஒன்று ஃபேஸ், இன்னொன்று நியூட்ரல். நியூட்ரலை மண்ணோடு இணைத்திருப்பார்கள். கப்பலில் பெரும்பாலும் அப்படி இணைப்பதில்லை. இரண்டு கம்பியுமே கப்பலின் இரும்பு உடம்பைத் தொடாமல் தனியாக ஓடும். ஏனென்றால் எங்கோ ஒரு இடத்தில் கசிவு வந்ததற்காக விளக்கும் பம்பும் சட்டென்று அணைந்துவிட்டால் நடுக்கடலில் ஆபத்து. ஒரு கசிவு வந்தாலும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், கண்ட்ரோல் ரூமில் எச்சரிக்கை மட்டும் வரும். என் மாதிரி ஆள் ஒருவர் அந்தக் கசிவைத் தேடிக் கிளம்புவார்.

இந்த ஏற்பாட்டில் சர்ஜ் பாதுகாப்பு உள்ள பெட்டியை, கடையில் ஸ்பைக் பஸ்டர் என்று விற்பதை, மாட்டினால் என்ன ஆகும்? அதற்குள் வேரிஸ்டர் என்று பொட்டுக்கடலை நிறத்திலோ நீலத்திலோ ஒரு சின்ன வில்லை இருக்கும். வோல்ட் மிகுந்தால் அதை எர்த்துக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. கப்பலில் எங்கோ ஒரு கம்பி உடம்பைத் தொட்டுவிட்டால், மற்றக் கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே வோல்ட் வழக்கத்தைவிட ஏறி, இறங்காமல் நிற்கும். கண நேர மின்வீச்சைத் தாங்கச் செய்த வில்லை அது, மணிக்கணக்கில் தாங்காது. சூடேறி, கட்டிலுக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் புகைய ஆரம்பிக்கும். போதாததற்கு, பெட்டியின் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். நீங்கள் அணைத்துவிட்டதாக நினைப்பீர்கள், மற்றக் கம்பியில் கரண்ட் அப்படியே இருக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் இதற்காகவே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது.

சர்ஜ் இல்லாத வெறும் மல்டி பிளக்கைச் சில கப்பல்கள் அனுமதிக்கின்றன, சில அதையும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. நாலாவது படியில் சொன்ன பல துளை யூஎஸ்பி சார்ஜருக்குப் பொதுவாகத் தடை இல்லை. அதனால்தான் அதைச் சொன்னேன்.

7. பெட்டி கட்டும்போது

பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும், லக்கேஜில் போட்டால் மதுரை ஏர்போர்ட்டிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். வரம்பு 100 வாட்-அவர். 20000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 74, அது போகும். எண் அழிந்துபோன பழைய பவர் பேங்க்கை எடுக்காதீர்கள், படிக்க முடியாததை அனுமதிக்கமாட்டார்கள்.

ஒரு சார்ஜர், ஒரு அடாப்டர், ஒரு ஒயர் மூன்றையும் கைப்பையில் வையுங்கள். கப்பலில் பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும். அதற்குள் போன் அணைந்துபோயிருக்கும்.

8. அறைக்குள் நுழைந்ததும்

முதலில் கதவுப் பக்கம் சாவி அட்டை செருகும் இடம் இருக்கிறதா பாருங்கள். சில கப்பல்களில் அட்டையைச் செருகினால்தான் விளக்கு எரியும், சிலவற்றில் பாயிண்டுக்கும் அதுதான் சாவி. போனை சார்ஜில் விட்டுவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது ஒரு சதவீதமும் ஏறியிருக்காது. சார்ஜர் கெட்டுவிட்டது என்று என்னைத் திட்டியவர்களும் உண்டு.

பிறகு பாயிண்டுகளைத் தேடுங்கள். மேசைக்கு மேல் இருப்பது கண்ணில் படும். கட்டில் ஓரம், மேசை விளக்கின் அடி, டிவிக்குப் பின்னால் என்று ஒளிந்தும் இருக்கும். குனிந்து பாருங்கள். ஆனால் ஏற்கெனவே மாட்டியிருக்கும் டிவி, ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றாதீர்கள்.

குளியலறையில் கண்ணாடிப் பக்கம் ஒரு பாயிண்ட் இருந்து, அதன் மேல் ஷேவர் படம் போட்டிருந்தால் அது ஷேவருக்கு மட்டும்தான். பின்னால் உள்ள டிரான்ஸ்பார்மர் குருவி மாதிரி, இருபது வாட் அளவுதான் தாங்கும். டிரையரைச் செருகினால் அணைந்துவிடும், சரிசெய்ய ஆள் வர வேண்டும்.

இரவில் சார்ஜ் போடுவதும் மேசையின் மேல்தான். தலையணைக்கு அடியில் வேண்டாம், சூடு வெளியேற வழி இருக்காது. பால்கனி அறை கிடைத்தவர்கள் அங்கே போனை சார்ஜ் போட்டு வைக்காதீர்கள், கடல் தெறிப்பு எவ்வளவு தூரம் ஏறும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

9. கரையில் இறங்கும் நாள்

சதுரப் பின் அடாப்டருக்கு இப்போதுதான் வேலை. கப்பலுக்கு முன்னும் பின்னும் சிங்கப்பூரிலோ துபாயிலோ தங்கினால் ஹோட்டலில் அதுதான் வேண்டும். இலங்கையில் பழைய கட்டடங்களில் நம் மூன்று உருண்டைப் பின்னே போகும், புதியவற்றில் சதுரப் பின். பகல் முழுக்கச் சுற்றுவதற்கு பவர் பேங்க் போதும்.

10. இறங்கும் காலை

பெட்டிகளை முந்தின இரவே வெளியே வைக்கச் சொல்வார்கள். அதனால் கடைசியாகச் செருகிய சார்ஜர் சுவரிலேயே தங்கிவிடும். கட்டில் ஓரம், மேசைக்கு அடி, குளியலறை மூன்று இடத்தையும் கையால் தடவிப் பாருங்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளை அடாப்டர் கண்ணுக்குத் தெரியாது. நான் வாங்கும்போதே கறுப்பாக எடுப்பதும், கறுப்பு கிடைக்காவிட்டால் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டுவதும் அதற்காகத்தான். ஏறும்போது எதையாவது வாங்கி வைத்திருந்தால் அந்தச் சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டால் திரும்ப வாங்கும் இடத்தில் சீட்டு இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.